இருவருக்கும் ஒரு சாதகம்

நானும் என் தங்கையும் பதினொரு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். முதலில் வந்தவள் நான். அந்தப் பதினொரு நிமிடத்தை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கத் தன்னை அதிகாரம் பண்ணினேன் என்று அவள் சொல்லுவாள். அதில் பொய் இல்லை. ஆனால் அவள் ஒருநாளும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "எடியே" என்பாள். அறுபது வயதுக்குப் பிறகும், சபை சந்தியிலும், எடியேதான்.

எங்களுக்குச் சாதகம் எழுதுவிக்க அப்பா போனபோது, சாத்திரியார் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கொப்பியாக எழுதிக் கொடுத்துவிட்டார். பதினொரு நிமிடத்தில் லக்கினம் மாறவில்லை, நட்சத்திரம் மாறவில்லை, பாதம்கூட மாறவில்லை, பிறகு எதற்கு இரண்டு என்று கேட்டாராம். அப்பா சிக்கனக்காரர், மறுத்துப் பேசவில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிய அந்த ஒற்றைக் கொப்பி அம்மாவின் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே இருந்தது. எங்கள் ஊர்களில் சாதகம் கலியாணப் பொருத்தம் பார்க்க மட்டும் அல்ல. காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றால், ஒரு கையில் மருந்துத் துண்டும் மறு கையில் சாதகமுமாக ஓடுகிற ஆட்கள் நாங்கள். டொக்டர் சொன்னது பாதி, சாத்திரியார் சொன்னது பாதி என்று கலந்து குடித்துத்தான் பிழைத்து வந்திருக்கிறோம்.

அந்த ஒற்றைக் கொப்பி பொய் சொல்லவில்லை என்று நம்புவதற்குச் சிறுவயதில் எங்களுக்குக் காரணங்களும் இருந்தன. பொக்குளிப்பான் இரண்டு பேருக்கும் ஒரே கிழமையில் வந்தது. தாடை வீங்குகிற கூகைக்கட்டும் அப்படி. கண் மஞ்சளாகிற செங்கமாரியும் அப்படி. அவளுக்கு வந்து ஒரு நாளில் எனக்கு வரும், அல்லது எனக்கு வந்து ஒரு நாளில் அவளுக்கு. விட்டுப் போவதும் அந்தக் கணக்கில்தான். ஒருத்தி எழும்பி நடந்தால் மற்றவளுக்கும் மறுநாள் தண்ணீர் வார்க்கலாம் என்று அம்மா அடுப்பில் வேப்பிலை போட்டுத் தண்ணீர் காய்ச்சுவாள். ஒருமுறையும் அந்தத் தண்ணீர் வீணாகவில்லை.

உயர்தரப் பரீட்சையில் இருவரும் சித்தியடைந்தோம். அவளுக்கு ஒரு பாடத்தில் என்னைவிடக் கூட. கொழும்பில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படிக்க இரண்டு பேரும் விண்ணப்பம் போடலாம் என்றிருந்த நேரத்தில் அப்பா பாரிசவாதத்தில் விழுந்தார். ஒருத்தி வீட்டில் நிற்க வேண்டி வந்தது. யார் என்ற கேள்வியை அப்பா அதிகம் யோசிக்கவில்லை. "மூத்தது போகட்டும்" என்றார், கோணிய வாயால். பதினொரு நிமிடம். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். அவள் நின்றாள்.

நின்றவளை நீர்வேலியில் ஒரு புகையிலைத் தோட்டக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர். ஆனால் புகையிலை நல்ல பயிர் அல்ல, அதிலும் பெண்களுக்கு. வெட்டிய இலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சு மட்டையும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும் எரித்து, நாள் கணக்காகப் புகை போட வேண்டும். நெருப்பு எரியக்கூடாது, அணையவும் கூடாது, புகைய மட்டும் வேண்டும். குனிந்து உள்ளே போய் ஊதி ஊதி அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டவள் அவள். பதினைந்து பதினாறு வருடம் அது. நடுவில் சண்டை, இடம்பெயர்வு. சின்னப் பிள்ளையோடு வன்னிக்குப் போனாள். பங்கர்க் குழிக்குள் ஈரத்தில் படுத்தாள், மலேரியா இரண்டு தரம் வந்தது, நெருப்புக்காய்ச்சல் ஒரு தரம். முகாமில் இருந்து திரும்பி வந்தபோது தோட்டம் பற்றைக்காடாகக் கிடந்தது. அதை வெட்டி வாழை வைத்தார்கள். வாழை குலை போட்டு இரண்டு வருடத்தில் புருசன் போய்ச் சேர்ந்தார்.

அந்த வருடங்களில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே, வெள்ளை மேலங்கியோடு, நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு இருந்தேன். முதலில் கொழும்பில், பிறகு கண்டியில், கடைசிப் பத்து வருடம் இங்கே யாழ்ப்பாணத்தில். ஓய்வு பெற்று உடுவிலில் வீடு கட்டினோம். குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் அறிக்கை முதலில் என்னிடம்தான் வரும். ஆஸ்பத்திரி ஆள் என்ற பெயர் எனக்கு. அந்தப் பெயரில் எனக்கு நல்ல பெருமையும் இருந்தது.

ஆய்வுகூடத்துக்கு வரும் படிவத்தில் வயது என்று ஒரு கட்டம் இருக்கும். வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே அந்தக் கட்டத்தை நம்பாமல் இருக்கப் பழகிவிட்டேன். நாற்பத்தைந்து என்று எழுதியிருக்கும், இரத்தம் அறுபத்தைந்து சொல்லும். எழுபது என்று எழுதியிருக்கும், சோடா போத்தல் திறந்த மாதிரிச் சுறுசுறுப்பாக இருக்கும். சிவப்பணுக்கள் ஒரே அளவாக இல்லாமல் பெரிதும் சிறிதுமாகக் கிடப்பது, புரதம் குறைவது, காரணம் தெரியாமல் உடம்புக்குள் எங்கோ ஒரு அழற்சி அணையாமல் இருப்பது, இதெல்லாம் பிறந்த திகதியைக் கேட்டு வருவதில்லை. அந்த மனிதரின் தட்டில் என்ன விழுந்தது, தோளில் என்ன ஏறியது என்று கேட்டு வருவது. இதை நான் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

சந்தைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனால் மரக்கறிக்காரி என்னிடம் கேட்பாள்: "அக்காவோ?"

தங்கை முந்திக்கொள்வாள். "ஓம், நான்தான் மூத்தது. இவ என்ரை தங்கச்சி" என்று சொல்லிவிட்டு என் கையைக் கிள்ளுவாள். முன்பற்கள் இரண்டு போன வாயோடு சிரிப்பாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வரும், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? சந்தோசம்தான். அதற்குப் பின்னாலேயே ஒரு கூச்சமும் வரும்.

கடைசி நாலைந்து வருடத்தில் வேறு சிலதையும் பார்த்தேன். நிலத்தில் இருந்து எழும்ப அவள் ஒரு கையை ஊன்றினாள், பிறகு இரண்டு கையும். ஊறுகாய்ப் போத்தல் மூடியை என்னிடம் தந்து திறக்கச் சொன்னாள். கோயில் வீதியைச் சுற்றும்போது நான் நடையைக் குறைத்தேன், அப்படியும் அவள் பின்னால் வந்தாள். மூட்டுவாதம் என்றேன். சத்துக் குறைவு என்றேன். கல்சியம் குளிசை வாங்கிக் கொடுத்து என் கடமையை முடித்துக்கொண்டேன்.

மானிப்பாயில் ஒரு கலியாண மண்டபம். பெருந்தொற்று எல்லாம் அடங்கி, முகக்கவசத்தை மறந்துபோன காலம். மாரி மழை. வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் வாசலில் நின்று எல்லோரையும் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். எங்கள் ஆட்கள் ஊரில் இருக்கும்வரை எட்டி நின்று கதைப்பார்கள், விமானம் ஏறி இறங்கினால் கொஞ்சுவார்கள். அவருக்குத் தடிமன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யார் யார் என்று கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லி, இருவரையும் கொஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை அது. செவ்வாய் பின்னேரம் எனக்குக் காய்ச்சல். அவளுக்கும் அதே பின்னேரம் குளிரத் தொடங்கியது என்று அவளுடைய மகள் ரெலிபோன் எடுத்தாள்.

ஒரே ஆளிடம் இருந்து, ஒரே நேரத்தில், ஒரே வைரஸ், ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு. ஆராய்ச்சிக்காரர்கள் ஆசைப்பட்டாலும் ஒழுங்கு செய்ய முடியாத பரிசோதனை. அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ரெலிபோனில் அவளிடம் சொன்னேன்: "பாத்தியே, கிழவியாகியும் சேந்துதான் விழுறம்." அவள் சிரித்து, சிரிப்பு இருமலாக மாறி, ரெலிபோனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு ஒரே மகள். மருமகன் வவுனியாவில் வேலை, மாதத்தில் ஒருமுறை வருவார். நாலு வயதில் ஒரு பேத்தி. மகள் பொறுப்பானவள். வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் கொடுத்தாள், போர்வையால் மூடி ஆவியில் வேது பிடிக்க வைத்தாள், மூன்றாம் நாள் ஆளைக் கூப்பிட்டு இரத்தம் எடுப்பித்தாள். இங்கே மாரியில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் ஒரே பயம், டெங்கு. நானும் அதே நாள் அதே ஆய்வுகூடத்துக்கு இரத்தம் கொடுத்தேன். பின்னேரம் இரண்டு அறிக்கையும் என் கைத்தொலைபேசிக்கு வந்தன.

கட்டிலில் படுத்தபடி இரண்டையும் பார்த்தேன். வயதுக் கட்டத்தில் இரண்டிலும் அறுபத்திரண்டு. அதற்குக் கீழே எதுவும் ஒன்றாக இல்லை. என்னுடையது ஒரு சாதாரண வைரஸ் காய்ச்சல்காரியின் இரத்தம். அவளுடையதில் நிணநீர்க் கலங்கள் பாதாளத்தில் கிடந்தன. அழற்சியைக் காட்டும் புரதம் என்னுடையதைப்போலப் பல மடங்கு. சிவப்பணுக்கள் பெரிதும் சிறிதுமாக. சிறுநீரக எண்ணும் எல்லையில் நின்றது. வெண்குருதிக் கலங்கள் இப்படி விழுந்து, அழற்சி இப்படி ஏறினால், அந்த ஆளை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. முப்பது வருடம் இதைத்தான் வாசித்தேன்.

அவளுடைய மகள் ரெலிபோனில் கேட்டாள். "டெங்கு இல்லைத்தானே பெரியம்மா?"

"இல்லை" என்றேன். "தட்டணுக்கள் எல்லாம் சரியாக் கிடக்கு."

"அப்பாடா" என்றாள். அவளுடைய அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் எனக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. பசித்தது. இரண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு, ஓட்டோ பிடித்து நீர்வேலிக்குப் போனேன். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற சின்னக் கருவி ஒன்று பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கி மேசை லாச்சியில் வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோகவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. லாச்சியைத் திறந்து, அதைப் பார்த்து, மூடினேன்.

அவள் சாய்மனைக் கதிரையில் இருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கன்னத்தின் எலும்பு தெரிந்தது. ஒரு வசனத்தை இரண்டு மூன்றாக வெட்டிக் கதைத்தாள்.

"உனக்கு விட்டிட்டுதே?"

"ஓம். விடியத்தான் விட்டது."

"அப்ப எனக்கும்... விடும்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு சாதகமெல்லே" என்றாள். தன் மகளைக் காட்டி, "கேட்டனியே? உவள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போறன் எண்டு நிக்கிறாள். அங்கை கொண்டுபோய்ப் போட்டால்... நான் சாப்பிடமாட்டன்" என்றாள்.

மகள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டு இருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "கொண்டுபோய்க் காட்டுவமோ பெரியம்மா? எனக்கெண்டால் பயமாக் கிடக்கு. ராவிலை முதுகு நிமிந்து இருந்துகொண்டுதான் நித்திரை கொள்ளுறா. நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, இப்பவே வான் பிடிக்கிறன்."

நான் சொல்ல வேண்டியது ஒரு சொல். அவளுடைய அம்மாவின் உயிர் அந்தச் சொல்லில் நின்றது. அறிக்கை என் கைப்பைக்குள் தொலைபேசியில் இருந்தது.

"எனக்கும் நேற்றுவரைக்கும் இப்பிடித்தான் இருந்தது" என்றேன். "அஞ்சாம் நாள் விட்டது. அவளுக்கு நாளைக்கு விடும். எங்களுக்கு எல்லாம் ஒண்டாத்தானே வாறது. இந்த மழைக்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வேறை வருத்தத்தையும் வாங்காதை. நாளைக்கு ஒரு நாள் பாப்பம்."

அவள் சரி என்றாள். ஆஸ்பத்திரி ஆள் சொன்னால் சரி என்பதைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருந்தது?

மறுநாள் ரெலிபோன் எடுத்தேன். இருமல் குறைந்துவிட்டது, அமைதியாக நித்திரை கொள்கிறா என்றாள் மகள். நான் சுவாமிப் படத்துக்கு ஒரு விளக்கு ஏற்றினேன். நெஞ்சு களைத்துப்போன ஆளுக்கும் இருமல் குறையும், ஒட்சிசன் இறங்கின ஆளும் அமைதியாக நித்திரை கொள்ளும். இதுவும் எனக்குத் தெரியாத விசயம் இல்லை.

ஏழாம் நாள் விடியக் காலையில் அவளுடைய உதடு நாவற்பழ நிறமாக இருந்தது. வானில் ஏற்றினார்கள். நான் உடுவிலில் இருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் ஒட்சிசன் குழாயோடு அவளைக் கண்டபோது முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அது எங்கள் அம்மா. கடைசி வருடத்து அம்மா.

இளம் டொக்டர் ஒருவர் படிவத்தோடு வந்தார். என் மகன் வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்துக் கேட்டார்: "அம்மாவுக்கு எத்தினை நாளாக் காய்ச்சல்?"

"அம்மா இல்லை. தங்கச்சி."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தினை வயது?"

"என்ரை வயதுதான். இரட்டைப் பிள்ளையள்."

அவர் பேனையைக் கொஞ்ச நேரம் படிவத்தில் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எழுதினார். மூச்சு முட்டத் தொடங்கி எத்தனை நாள் என்று அடுத்ததாகக் கேட்டார். மகள் என்னைப் பார்க்காமல், "இண்டைக்குத்தான் டொக்டர்" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பெரியம்மாவைக் காப்பாற்றினாள் என்று பிறகுதான் விளங்கியது. நான் வாய் திறந்து திருத்தவில்லை.

இரண்டாம் நாள் அதே டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நான் என்ன வேலை செய்தேன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "உங்களுக்கு விளங்கும் அன்ரி" என்று தொடங்கினார். "இந்த வைரஸ் பிறந்த திகதியைப் பாக்கிறேல்லை. நுரையீரல் எவ்வளவு பழசு, கிட்னி எவ்வளவு பழசு, சண்டை பிடிக்கிற கலங்கள் எவ்வளவு களைச்சுப் போச்சு, இதைத்தான் பாக்குது. உங்கடை தங்கச்சியின்ரை உடம்பு எழுவத்தைஞ்சைத் தாண்டின ஆக்களின்ரை மாதிரிக் கிடக்கு. நெஞ்சுப் படத்திலை பழைய தழும்பும் நிறைய. புகை குடிச்சவவோ?"

"குடிக்கேல்லை" என்றேன். "போட்டவ." அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்குத் தெம்பு இல்லை.

"கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாம்" என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல. அறிக்கையில் ஒரு வரி வாசிக்கிற குரல்.

செயற்கைச் சுவாசம் வைப்பதற்கு முன் என்னைப் பத்து நிமிடம் பக்கத்தில் விட்டார்கள். முகமூடிக்குள் இருந்து அவள் கதைத்தது முழுதும் கேட்கவில்லை. நான் குனிந்தேன். "நீ சாப்பிட்டனியே?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, "நீ சொன்னனி எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்... விடேல்லையடி" என்றாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். தன்னால்தான் என் வாக்குப் பிழைத்துப் போயிற்று என்பது போல. அந்தப் பிடியில் பலமே இல்லை.

ஆறு நாள் இருந்தாள். பிறகு போய்விட்டாள்.

செத்தவீட்டில் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத்தான் வேண்டும். அழுதுகொண்டு வருவார்கள், கட்டிலில் கிடக்கிறவளைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அதே மூக்கு, அதே நெற்றி. தூரத்துச் சித்தப்பா முறையான ஒருவர் கொப்பியைச் சாத்திரியாரிடம் காட்டியதாகச் சொன்னார். ஏழரைச் சனியாம், அட்டமத்தில் ஏதோவாம், தப்பேலாத காலமாம். எல்லோரும் தலையாட்டினார்கள். எழுதினபடி நடந்தது என்று ஒரு பெருமூச்சு வீடு முழுக்க ஓடியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நான் ஏன் உயிரோடை நிக்கிறன்?" என்று கத்தினேன். "அந்தக் கொப்பி என்ரையும்தானே! சொல்லுங்கோவன்!"

சித்தப்பா சால்வையைச் சரி செய்துகொண்டு, "கவனமா இரு பிள்ளை" என்றார். அடுத்தது நான்தான் என்று அவர்கள் எனக்குத் தவணை வைத்துவிட்டார்கள் என்று அப்போது விளங்கியது. அன்றைக்கு அது தண்டனையாகக்கூடத் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு ஒருநாள் மத்தியானம் இரண்டு அறிக்கையையும் அச்செடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்நிய ஆட்களுடையதை வாசிக்கிற மாதிரி வாசித்தேன். பெயர் தெரியாத ஒரு கிழவியின் தாளில் இந்த எண்கள் வந்திருந்தால் நான் அந்த நிமிடமே வாட்டுக்கு ரெலிபோன் எடுத்திருப்பேன். வேலையில் இருந்த காலத்தில் எத்தனை தரம் எடுத்திருக்கிறேன். நேர்ஸ் எடுக்காவிட்டால் ஆளை அனுப்பியிருக்கிறேன், ஒருமுறை நானே தாளோடு மாடி ஏறி ஓடியிருக்கிறேன். முகம் தெரியாதவர்களுக்கு நான் ஓடினேன்.

ஏன் அவளுக்கு ஓடவில்லை என்று பல மாதம் யோசித்தேன். சாதகத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையா? ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். இராகு காலம் பார்க்கிறவர்களை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தவள் நான். ஆனால் அந்த ஒரு கொப்பியை மட்டும் நான் விடவில்லை. அதை விட்டால் வேறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டி வரும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பங்குதான் அளக்கப்பட்டது, அவளுக்கு ஒன்றும் குறையவில்லை, நான் அவளுடைய இடத்தை எடுத்துக்கொண்டு ரயில் ஏறவில்லை என்று அந்தக் கொப்பி எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அறிக்கை வேறு சொன்னது. மின்விசிறிக்குக் கீழே இருந்தவள் யார், புகைக்குள் இருந்தவள் யார் என்று அது வரி வரியாகச் சொன்னது. நான் அதை வாசித்தேன், விளங்கியது, பொறுக்கவில்லை. அதனால் அவளை என்னோடு சமமாக்கி, நாளைக்கு விடும் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடுத்த மாரி வந்தது. ஒருநாள் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டாள், நீர்வேலிக் குழந்தைக்கு இப்போது எப்படி என்று. எனக்கு ஒன்றும் தெரியாது. பேத்திக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் இருமலுமாம், முதல் நாளே ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். என் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு முள் குத்தினாலும் முதலில் அடிப்பது எனக்குத்தான்.

சோறும் போத்தலில் சுடுதண்ணீரும் எடுத்துக்கொண்டு போனேன். குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டிலில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டு, எனக்கு ஒன்று நீட்டினாள். தங்கையின் மகள் எழும்பி, கதிரையை எனக்குத் தள்ளிவிட்டாள்.

"உங்களுக்கு ஃபோன் எடுப்பம் எண்டு நினைச்சனான் பெரியம்மா" என்றாள். "பிறகு விட்டிட்டன்."

"நல்லது செய்தாய்" என்றேன். குரல் ஒழுங்காக வந்தது. அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொன்னேன். "அம்மாவின்ரை றிப்போட்டு வந்த அண்டைக்கே எனக்கு விளங்கினது. கூடாது எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உனக்குச் சொல்லேல்லை."

அவள் குழந்தையின் மடியில் விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டு இருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "நீங்கள் நாளைக்குப் பாப்பம் எண்டு சொல்லேக்கை கஞ்சிப் பானையைப் பாத்துத்தான் சொன்னனீங்கள். எனக்கு அப்பவே விளங்கினது. ஆனா நீங்கள் சொன்னபடியாலை எனக்கும் லேசாப் போச்சு. நான் வான் பிடிச்சிருக்கலாம். பிடிக்கேல்லை."

அவள் என்னை மன்னிக்கவில்லை, தன்னையும் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவளுக்கு முப்பத்தைந்து வயது. வாட்டு யன்னலில் இருந்து வந்த வெளிச்சத்தில் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஒரு வருடத்தில் பத்து வயது கூடியிருந்தது, அதில் பாதியாவது நான் கொடுத்தது.